கல்லூரி ஆசிரியர்களின் பாட இணையப்பக்கங்களுக்கு விதிமுறை: எதை எழுதுவது, எதை விடுவது?

#1 காவிரிக்கரை

வணக்கம். அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். வரும் பருவத்திலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் அதை நடத்தும் ஆசிரியர் ஓர் இணையப்பக்கம் வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் முடிவாகியிருக்கிறது. நல்ல முடிவுதான். அதற்கு விதிமுறை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன்.

அலுவலகம் தயாரித்த முதல் வரைவு கைக்கு வந்தது. கல்லூரிச் சின்னம் எந்தப் பக்கம் வர வேண்டும், தலைப்புக்கு என்ன நிறம், ஆசிரியர் படம் எந்த அளவு, பார்வையாளர் எண்ணிக்கைப் பெட்டி எங்கே, எந்தக் கோப்பை ஏற்றினாலும் முதலில் துறைத்தலைவர், பிறகு முதல்வர் என இரண்டு ஒப்புதல். வரைவு முழுக்க இதுதான். அந்தப் பக்கத்தைத் திறக்கும் மாணவருக்கு அங்கே என்ன கிடைத்தாக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. மாணவரைப் பற்றிய எந்த விவரம் அங்கே வரவே கூடாது என்றும் ஒரு வரி இல்லை. என்னைப் பொறுத்தவரை விதிமுறை தொடங்க வேண்டிய இடமே இந்த இரண்டும்தான். சின்னத்துக்கும் நிறத்துக்கும் கடைசியில் ஒரு பத்தி போதும்.

இப்போது எங்களில் சிலர் கூகுள் கிளாஸ்ரூம், சிலர் கூகுள் சைட்ஸ், கணினித்துறையில் மூடுல் என்ற பாட மேலாண்மை மென்பொருள். மற்றவர்களுக்கு வாட்ஸப் குழுவே எல்லாம். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள், மாணவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் நான் ஒரு மாற்று வரைவு வைக்க வேண்டும்.

#2 பழைய துறைத்தலைவர்

மேடம், ஒப்புதலை அவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம். பாடத்திட்டக் குழு கூடிப் பாடத்திட்டத்தை மாற்றும்போது ஒரே வளாகத்தில் இரண்டு பாடத்திட்டம் ஓடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்று, அரியர் வைத்திருப்பவருக்குப் பழையது. தாளின் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், அலகுகள் மாறியிருக்கும். ஆசிரியர் ஒருவர் பழைய அலகை ஏற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டார் என்றால், அதை நம்பிப் படித்துத் தேர்வுக்குப் போகும் பிள்ளையின் கதி என்ன? கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் துறைத்தலைவர். அதனால்தான் கையெழுத்து கேட்கிறார்கள். அதிகாரம் காட்டுவதற்காக இல்லை.

#3 காவிரிக்கரை

சார், நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மையானது. எந்த ஆண்டுப் பாடத்திட்டம், எந்தத் தாள் குறியீடு என்பது பக்கத்தின் உச்சியிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். பாடத்திட்டத்தை ஆசிரியர் தட்டச்சு செய்யவே வேண்டாம், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் வெளியிட்ட கோப்புக்கு இணைப்பு கொடுத்தால் போதும். பருவத் தொடக்கத்தில் துறைத்தலைவர் ஒருமுறை பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

ஆனால் கோப்புக்குக் கோப்பு ஒப்புதல் என்றால் நடக்காது. புதன்கிழமை வகுப்பில் ஒரு கணக்கில் குறி தவறிவிட்டது என்று மாணவி ஒருத்தி காட்டுகிறாள். அன்று மாலையே திருத்திய கோப்பைப் போட வேண்டும். இரண்டு மேசை தாண்டி அது வருவதற்குள் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்துவிடும். அப்புறம் ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? பருவத் தொடக்கத்தில் நான்கு கோப்பை ஏற்றிவிட்டு, உண்மையான வேலையை வாட்ஸப்பிலேயே நடத்துவார்கள்.

#4 ஆஸ்டின்வாசி

நான் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பாடம் நடத்துகிறேன். இங்கே இதற்கு மாநிலச் சட்டமே இருக்கிறது. 2009-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா 2504. மாநில அரசின் கல்லூரிகளில் இளநிலைப் பாடம் ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டம் பொதுவெளியில் இருக்க வேண்டும். அதில் முக்கியமான ஒப்படைப்புகள், தேர்வுகள், படிக்க வேண்டிய நூல்கள், ஒவ்வொரு விரிவுரையும் எதைப் பற்றியது என்ற பொதுவான குறிப்பு எல்லாம் வர வேண்டும். ஆசிரியரின் படிப்பு, அனுபவம், வெளியீடுகளும் வர வேண்டும். வீட்டு முகவரியும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் வரக் கூடாது.

எனக்குப் பிடித்தது அந்தச் சட்டம் எழுதப்பட்ட விதம். கல்லூரியின் முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று இணைப்புகளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சொல் போட்டுத் தேட முடிய வேண்டும். கடவுச்சொல் கேட்கக் கூடாது. வகுப்பு தொடங்கி ஏழாம் நாளுக்குள் ஏற்றியிருக்க வேண்டும், இரண்டு ஆண்டு எடுக்கக் கூடாது. நிறம் பற்றி ஒன்றுமில்லை. எல்லாமே யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய நிபந்தனைகள்.

முதலில் இங்கே பலர் எதிர்த்தார்கள். கூடுதல் எழுத்துவேலை என்பது ஒரு குறை. பாடத்திட்டத்தை வெளியார் தோண்டி ஆசிரியரைக் குறிவைப்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது பயம் இன்றும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும் முன்பே ஒரு மாணவர் மூன்று ஆசிரியர்களின் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிவது பெரிய வசதி. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு எந்த வாரம் தேர்வு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியத் தேவை.

#5 மூன்றாமாண்டு பி.எஸ்சி.

மாணவன் பேசலாமா? நாங்கள் எதிர்பார்ப்பது ரொம்ப எளிமையானது. அடுத்த உள்மதிப்பீட்டுத் தேர்வு என்று, அதற்கு எதுவரை பாடம், 25 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது. தேர்வுக்கு எவ்வளவு, ஒப்படைப்புக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு. இந்தப் பிரிவு துறைக்குத் துறை, சில சமயம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. அதை எழுத்தில் பார்த்தால் எங்களுக்குப் பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம் ஒன்று. மதிப்பெண் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள். "பெயர் இல்லை, பதிவெண் மட்டும்தான்" என்பார்கள். எங்கள் பதிவெண் வகுப்பில் அகரவரிசைப்படி கொடுத்தது. யாருக்கு என்ன எண் என்பது முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரியும். பதிவெண் போட்டால் பெயர் போட்ட மாதிரியேதான்.

இன்னொன்றும் நடந்தது. எக்செல் கோப்பு ஒன்று வகுப்புப் பக்கத்தில் வந்தது. பார்த்தால் எண்ணும் மதிப்பெண்ணும் மட்டும். ஆனால் சில நெடுவரிசைகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் வகுப்பில் ஒருவன் அதைத் திறந்துவிட்டான். சாதிப் பிரிவு, பெற்றோர் தொழில், ஆண்டு வருமானம், கைப்பேசி எண், எல்லாம் உள்ளே இருந்தது. சேர்க்கையின்போது நாங்கள் கொடுத்த விவரம் அது. ஆசிரியருக்கு அது தெரியவே தெரியாது, அலுவலகம் கொடுத்த கோப்பில் மதிப்பெண்ணைச் சேர்த்திருக்கிறார். அன்று சில பேர் கேன்டீன் பக்கமே வரவில்லை.

#6 காவிரிக்கரை

தம்பி, இதைக் கட்டாயம் குழுவில் சொல்வேன். அலுவலகக் கோப்பை அப்படியே ஏற்றக் கூடாது என்பது தனி விதியாகவே வர வேண்டும்.

#7 சட்டக்குறிப்பு

மூன்றாமாண்டு மாணவர் சொன்னதுதான் இந்த இழையிலேயே மிகக் கனமான விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாக.

2023-இல் நாடாளுமன்றம் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். ஆகக் கல்லூரிகளுக்கு இது தயாராகிக்கொள்ளும் காலம். தரவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யாமல் கசியவிட்டால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு கலைக்கல்லூரிக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு பேச்சு. பொறுப்பு கல்லூரியுடையது என்பதுதான் கவனிக்க வேண்டியது. எக்செல்லில் மறைந்திருந்த நெடுவரிசைக்கு ஆசிரியரை மட்டும் கைகாட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்க முடியாது.

இன்னொரு கோணம். இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. முதலாண்டில் சேருகிறவர்களில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் 9-ஆம் பிரிவு தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குக் கல்வி நடவடிக்கைக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிப்பில் சில விலக்குகள் உண்டு. ஆனால் விளம்பரம் ஓடும் இலவசத் தளத்தில் வகுப்புப் பக்கத்தைக் கட்டி, அதில் கணக்குத் தொடங்கச் சொல்லி முதலாண்டுப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது எந்த வகையிலும் தேவையில்லாத வேலை.

விதியை இப்படி எழுதலாம் என்பது என் யோசனை: ஒரு மாணவரின் மதிப்பெண், வருகை, உதவித்தொகை, சாதிப் பிரிவு, உடல்நலம் ஆகியவை அந்த மாணவருக்கு மட்டும் தெரியும் வழியில்தான் போக வேண்டும். திறந்த பக்கத்திலும் கூடாது, வகுப்பு முழுவதும் பார்க்கும் பக்கத்திலும் கூடாது. மூடுலிலும் கிளாஸ்ரூமிலும் ஒவ்வொருவருக்கும் தனியாக மதிப்பெண் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும்.

தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சொல்லிவிட்டது. தன்னுடையதைப் பார்க்கும் உரிமை அது. அடுத்தவருடையதைப் பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

#8 ஆஸ்டின்வாசி

இங்கே 1974-ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுகள் தனியுரிமைச் சட்டம் இதையேதான் சொல்கிறது. பெயரோ மாணவர் எண்ணோ போட்டு மதிப்பெண்ணை வெளியே ஒட்டினால் சட்டமீறல். மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்த குறியீடு என்றால் விடுவார்கள். அதிலும் அகரவரிசையில் அடுக்கக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். தம்பி சொன்ன அதே காரணம்தான்.

#9 ஒலிவழி

நான் பார்வையற்றவன். முதுகலைத் தமிழ் முடித்து ஆய்வு செய்கிறேன். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். அது தமிழையும் வாசிக்கும். இதுவரை நீங்கள் பேசியது எல்லாம் சரி. ஆனால் பக்கத்தில் ஏற்றும் கோப்பை என் கணினி வாசிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கிடைக்கும் பாடக்குறிப்புகளில் பெரும்பகுதி இரண்டு வகை. ஒன்று, கையெழுத்துக் குறிப்பையோ அச்சுப்பக்கத்தையோ கைப்பேசியில் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கியது. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம். இரண்டாவது, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. பார்ப்பவருக்குத் தமிழ். ஆனால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். "தமிழ்" என்று பாமினியில் தட்டிய சொல் என் காதில் "ஜே கே பி ஓ அரைப்புள்ளி" என்று விழும். ஒரு அலகு முழுவதும் அப்படி. தமிழ் எம்.ஏ. படிக்க வந்தவனுக்குத் தமிழ்க் குறிப்பு கிடைக்கவில்லை, ஆங்கிலத் துறைக் குறிப்பு எல்லாம் ஒழுங்காக வாசித்தது. எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, ஏற்றுவிட்டது. கல்லூரித் தமிழ்த்துறைகளில் பழைய எழுத்துரு இன்னும் இருப்பதற்குக் காரணம் அச்சகப் பழக்கம். விதிமுறையில் ஒரே வரி போதும்: தமிழ்க் கோப்புகள் ஒருங்குறியில் இருக்க வேண்டும். இதனால் எனக்கு மட்டும் நன்மை என்று நினைக்க வேண்டாம். பழைய எழுத்துருக் கோப்பில் யாராலும் ஒரு சொல்லைத் தேட முடியாது, கைப்பேசியில் சரியாகத் திறக்காது, கூகுளிலும் அகப்படாது.

சட்டமும் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஐந்து விழுக்காடு இடம் எங்களுக்கு என்கிறது. மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்று 42-ஆம் பிரிவு சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டுக் குறிப்பைப் பூட்டி வைத்தால் அந்த இடத்தால் என்ன பயன்?

#10 கணிதன்

நண்பர் ஒலிவழி சொல்வதைப் படிக்க மனம் கனக்கிறது. ஆனால் நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். நான் கணிதம். கரும்பலகையில் எழுதியதை மாணவர்களே படமெடுக்கிறார்கள், அதையே ஏற்றுகிறேன். ஒரு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் தேர்வுப் பணி, கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கான கோப்பு வேலை. எல்லாவற்றையும் தட்டச்சு செய்யச் சொன்னால் நான் ஒன்றுமே ஏற்ற மாட்டேன். என் துறையில் பாதிப் பேர் அப்படித்தான் முடிவெடுப்பார்கள்.

பெர்க்லியில் நடந்தது நினைவிருக்கிறதா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் விரிவுரைகளை இலவசமாக இணையத்தில் வைத்திருந்தது. காது கேளாதோருக்கு வசன வரிகள் சரியாக இல்லை என்று புகார் போனது, 2016-இல் அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் குறை சுட்டிக் கடிதம் அனுப்பியது. 2017-இல் 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப்பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உலகம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றோடு போயிற்று. விதி கடுமையாக இருந்தால் இதுதான் நடக்கும் என்பது என் பயம்.

#11 ஒலிவழி

கணிதன் சார், பெர்க்லி கதையை எங்களிடம் யாராவது சொல்லும்போதெல்லாம் எங்களால்தான் உலகத்துக்குப் பாடம் போயிற்று என்பது போலக் கேட்கிறது. புகார் கொடுத்தவர்கள் எடுத்துவிடச் சொல்லவில்லை, வசன வரி கேட்டார்கள். எடுத்துவிடுவது என்பது பல்கலைக்கழகம் தேர்ந்துகொண்ட வழி.

உங்கள் கரும்பலகைப் படத்துக்கு வருகிறேன். அதை நிறுத்தச் சொல்லவில்லை, போடுங்கள். பக்கத்திலேயே இரண்டு வரி: இன்று எந்தத் தேற்றம், பாடநூலில் எந்தப் பக்கம், எந்தப் பயிற்சிக் கணக்கு. அதை வைத்து நான் பாடநூலின் வாசிக்கக்கூடிய பிரதியைத் தேடிக்கொள்வேன். வினாத்தாளை நீங்கள் லாடெக்கில், அதாவது கணிதக் குறிகளையும் சாதாரண எழுத்தாகவே தட்டும் முறையில், தட்டுவீர்கள் அல்லவா, அந்த மூலக்கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். கணிதம் படிக்கும் பார்வையற்ற நண்பர்கள் பலர் லாடெக் மூலத்தையே நேராக வாசிக்கிறார்கள். பி.டி.எஃப்.ஐ விட அவர்களுக்கு அதுவே தெளிவு. இதில் உங்களுக்குக் கூடுதல் வேலை ஏதும் இல்லை.

#12 ஆஸ்டின்வாசி

பெர்க்லி வழக்கு 2022-இல் அந்த அமைச்சகத்தோடு ஓர் இசைவு ஆணையில் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் தன் இணைய உள்ளடக்கத்தை அணுகத்தக்கதாக்க ஒப்புக்கொண்டது. எடுத்துவிட்டதோடு கதை முடியவில்லை.

உங்கள் குழுவுக்கு உண்மையில் பயன்படக்கூடியது 2024 ஏப்ரலில் இங்கே வந்த விதி. மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் இணையதளங்கள், அவற்றில் அரசுக் கல்லூரிகளும் அடக்கம், டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற இணைய அணுகல் தரத்தின் இரண்டாம் நிலையைப் பின்பற்ற வேண்டும் என்பது அது. அதன் முன்வரைவில் கல்லூரிகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. கடவுச்சொல்லுக்குப் பின்னால் உள்ள பாடப்பக்கம் என்றால் உடனே மாற்ற வேண்டாம், மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் அந்த வகுப்பில் சேர்ந்தபின் மாற்றினால் போதும் என்றார்கள். கருத்துக் கேட்டபோது மாற்றுத்திறனாளிகள் கடுமையாக எதிர்த்தார்கள். மாணவர் சேர்ந்தபின் மாற்ற ஆரம்பித்தால் பருவம் பாதி ஓடிவிடும், அவர் எப்போதும் வகுப்புக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார் என்று. இறுதி விதியில் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள்.

கணிதன் சாரின் பயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. பழைய கோப்புகள், இப்போது பாடத்துக்குப் பயன்படாதவை, தனியாகக் காப்பகப் பகுதியில் கிடந்தால் அவற்றைத் திருத்த வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் பயன்படுவதை மட்டும் சரி செய்தால் போதும்.

#13 கணிதன்

இந்தப் பருவத்துக் கோப்புகள் மட்டும், அதோடு லாடெக் மூலம் என்றால் எனக்குச் சம்மதம். செய்யலாம்.

#14 சட்டக்குறிப்பு

ஒலிவழி சொன்னதோடு ஒன்று. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவு அந்த 2016 சட்டத்துக்கே முரண் என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க அரசுக்கு உத்தரவிட்டது. ஆக "முடிந்தவரை அணுகத்தக்கதாக" என்று உங்கள் வரைவில் எழுதாதீர்கள். அது பிடி கொடுக்காத வாக்கியம். "தமிழ்க் கோப்பு ஒருங்குறியில், படமாக மட்டும் இருக்கும் பக்கம் கூடாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு 4.5-க்கு 1" என்று அளக்கக்கூடியதாக எழுதுங்கள். அலுவலகம் தேர்ந்தெடுத்த தலைப்பு நிறத்தையும் இந்தக் கணக்கில் சோதித்துப் பாருங்கள்.

#15 நூலகப்படி

கல்லூரி நூலகர். பதிப்புரிமை பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, ஆனால் என் மேசைக்குத் தினமும் வருவது அதுதான். முழுப் பாடநூலையும் ஸ்கேன் செய்து திறந்த பக்கத்தில் போடுகிறார்கள். கேட்டால் "டெல்லிப் பல்கலைக்கழக வழக்கில் ஜெயித்துவிட்டோமே" என்பார்கள்.

அந்த வழக்கில் நடந்தது இது. 2012-இல் மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள், டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத்தொகுப்பு நகலெடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டம் 52(1)(i) பிரிவின்படி மீறல் ஆகாது என்றது. அதே டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவா என்பதுதான் அளவுகோல் என்றது. 2017-இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. அங்கே பேசப்பட்டது வகுப்பு மாணவருக்கான நகல். உலகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்த இணையத்தில் வைப்பதை அந்தத் தீர்ப்பின் நிழலில் நிறுத்த முடியாது.

நான் எங்கள் கல்லூரியில் சொல்வது: பாடத்துக்குத் தேவையான இயல் என்றால் வகுப்பு மாணவர் மட்டும் நுழையும் பக்கத்தில் வையுங்கள். முழு நூல் வேண்டாம். ஏற்கெனவே திறந்த வெளியில் இருப்பதற்கு இணைப்பு கொடுங்கள். இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் 1998-இலிருந்து இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இருக்கிறது. அறிவியலுக்கும் பொறியியலுக்கும் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய விரிவுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அதன் நிபந்தனைப்படி பெயர் குறிப்பிட்டு எடுத்தாளலாம், மாற்றியும் பயன்படுத்தலாம். வரைவில் "வெளி இணைப்புகள் கூடாது" என்று ஏதாவது இருந்தால் முதல் வேலையாக அதை நீக்குங்கள் மேடம். வெளி இணைப்பு கூடாது என்றால் ஆசிரியர் எல்லாவற்றையும் நகலெடுத்துத்தான் வைப்பார்.

பார்வையற்ற மாணவருக்காக ஒரு நூலை வாசிக்கக்கூடிய வடிவுக்கு மாற்றுவதற்கு 2012 திருத்தத்தில் தனி விலக்கே உண்டு. அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். தமிழ் அச்சுப்பக்கத்தை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் கூகுள் டிரைவும் ஓரளவு உதவும். பிழை திருத்த ஆள் வேண்டும், அதற்கு மாணவர் குழு ஒன்று வைத்தால் வேலை நடக்கும்.

#16 காவிரிக்கரை

இருக்கிறது ஐயா, வெளி இணைப்புக்குத் தடை போட்ட வரி வரைவில் இருக்கிறது. பாதுகாப்புக்காக என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். நீக்கச் சொல்கிறேன்.

#17 கௌரவ விரிவுரையாளர்

என் கேள்வி வேறு. கௌரவ விரிவுரையாளராக அரசுக் கல்லூரிகளில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு எங்கே என்று தெரியாது. முன்பு இருந்த கல்லூரியில் கல்லூரிக் கணக்கில் கூகுள் சைட் ஒன்று கட்டி, மூன்று தாள்களுக்குக் குறிப்பு, வினா வங்கி, செய்முறைக் காணொலி எல்லாம் வைத்திருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் கணக்கை மூடிவிட்டார்கள். முன்னறிவிப்பு இல்லை. என் பிள்ளைகளுக்கு அரியர் தேர்வு அடுத்த மாதம், குறிப்பு எங்கே சார் என்று கேட்டு அழைக்கிறார்கள். என்னிடமும் முழுப் பிரதி இல்லை. இந்த விதிமுறையில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கும்? நாங்கள் எழுதியது யாருக்குச் சொந்தம்?

#18 சட்டக்குறிப்பு

சொந்தம் பற்றிய கேள்விக்கு: பதிப்புரிமைச் சட்டம் 17(c) பிரிவின்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ் பணியின் போக்கில் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி, வேறு உடன்பாடு இல்லாதவரை. ஆனால் ஆசிரியர் தன் வகுப்புக்காகத் தயாரிக்கும் குறிப்பு அந்தப் பணிக்குள் வருமா என்பதிலும், கௌரவ விரிவுரையாளருடையது அந்த அர்த்தத்தில் வேலை ஒப்பந்தமா என்பதிலும் வாதத்துக்கு இடமிருக்கிறது. அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நடத்த யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால்தான் "வேறு உடன்பாடு" என்ற வழியைப் பயன்படுத்த வேண்டும். விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள்: குறிப்பின் பதிப்புரிமை ஆசிரியருக்கு, அந்தத் தாள் நடக்கும்வரை மாணவருக்காகப் பயன்படுத்தும் உரிமை கல்லூரிக்கு. ஆசிரியரும் கல்லூரியும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம்.

#19 கணிதன்

தொழில்நுட்பப் பக்கம்: கூகுள் நிறுவனக் கணக்கை நிர்வாகி அழித்தால் 20 நாளுக்குள் மீட்கலாம், அதற்குப் பிறகு முடியாது. அழிக்கும் முன் அந்தக் கோப்புகளின் உரிமையை வேறொரு கணக்குக்கு மாற்றும் வசதியும் இருக்கிறது. 2022-இலிருந்து கல்வி நிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று கூகுள் வரம்பு வைத்தபின், இடம் மிச்சப்படுத்தப் பல கல்லூரிகள் போனவர்களின் கணக்குகளை வேகமாக மூடுகின்றன. வன்மம் ஏதும் இல்லை, ஆனால் விளைவு நீங்கள் அனுபவித்ததுதான்.

தாளுக்கு என்று ஒரு பொதுக் கணக்கு துறையிடம் இருந்து, ஆசிரியர் அதில் பதிப்பாசிரியராக வேலை செய்தால் இந்தச் சிக்கல் வராது. ஆள் போனாலும் பக்கம் நிற்கும்.

#20 கௌரவ விரிவுரையாளர்

பக்கம் நிற்கட்டும். அதில் என் பெயரும் நிற்க வேண்டும் ஐயா. அடுத்து வருபவர் பெயரை மாற்றி நாக் குழுவுக்குக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். போகும்போது என் கோப்புகளின் பிரதி எனக்குக் கிடைக்க வேண்டும், அதற்கு ஒரு மாத அவகாசம் வேண்டும். பணிச்சான்று வாங்கக்கூட நாங்கள் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது, இதையாவது கேட்காமலே கொடுக்கட்டும்.

#21 பழைய துறைத்தலைவர்

இந்த இழையை முழுக்கப் படித்தேன். கோப்புக்குக் கோப்பு ஒப்புதல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பருவத்துக்கு ஒருமுறை துறைத்தலைவர் பார்க்கட்டும், ஆனால் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் எழுதிக் கொடுங்கள். பாடத்திட்ட ஆண்டு, உள்மதிப்பீட்டுப் பிரிவு, மாணவர் விவரம் ஏதும் வெளியே இல்லை, கோப்புகள் திறக்கின்றன, முன்பு நடத்தியவரின் பெயர் இருக்கிறது. இவ்வளவுதான். நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு தாள் யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நாங்களும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டோம்.

ஒன்றில் மட்டும் மாற்றுக் கருத்து. பாடத்திட்டத்தை வெளியில் வைப்பது சரி, ஆசிரியரின் குறிப்பையும் காணொலியையும் திறந்து வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் வரலாறோ சமூகவியலோ நடத்தும்போது சொன்ன ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்துப் பரப்புகிற காலம் இது. திறப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பமாக இருக்கட்டும்.

#22 ஆஸ்டின்வாசி

இங்கே இருப்பவனாகச் சொல்கிறேன், சார் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பாடத்திட்டம் பொது, வகுப்பு வகுப்புக்கு.

#23 காவிரிக்கரை

நன்றி எல்லோருக்கும். வரைவைத் திருப்பி எழுதத் தொடங்கிவிட்டேன். பாடத்திட்டமும் தேர்வு நாட்களும் மதிப்பெண் பிரிவும் கடவுச்சொல் இல்லாமல், முகப்பிலிருந்து மூன்று சொடுக்குக்குள். குறிப்புகள் வகுப்புக்குள், திறப்பது ஆசிரியர் விருப்பம். மதிப்பெண் தனித்தனியாக. ஒருங்குறி கட்டாயம். தாளுக்குப் பொதுக் கணக்கு, போகிறவருக்கு ஒரு மாதமும் பிரதியும் பெயரும். பதிப்புரிமை வாக்கியத்தைச் சட்டக்குறிப்பு எழுதிய மாதிரியே வைக்கிறேன், முதல்வர் என்ன சொல்வார் என்று பார்க்க வேண்டும். அதில்தான் இழுபறி இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒலிவழி, ஓர் உதவி. கூட்டத்துக்கு முன் எங்கள் துறைகளிலிருந்து சில கோப்புகளை எடுத்து உங்கள் கணினியில் வாசிக்க வைத்துப் பதிவு செய்து அனுப்ப முடியுமா? குழுவில் எல்லோரும் காதால் கேட்கட்டும்.

#24 ஒலிவழி

அனுப்புங்கள் மேடம், செய்கிறேன். ஒவ்வொரு துறையிலும் ஒரு பாடத்திட்டக் கோப்பு, ஒரு குறிப்பு, ஒரு பழைய வினாத்தாள். தமிழ்த்துறையுடையதை முதலில் அனுப்புங்கள், அதற்கு நேரம் அதிகம் ஆகும். எழுத்துரு எது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பாமினியில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, மாற்றிய பிரதியையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன். மெய்ப்பு மட்டும் உங்கள் பக்கத்தில் யாராவது பார்க்க வேண்டும்.

#25 மூன்றாமாண்டு பி.எஸ்சி.

மெய்ப்பு நாங்கள் பார்க்கிறோம் அண்ணா. வேறு கல்லூரிதான், பரவாயில்லை. எங்கள் வகுப்பில் நான்கைந்து பேர் தயார். கோப்பை எங்கே போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.